மரிய ஃபவுஸ்தீனா கோவால்ஸ்கா

புனித மரிய ஃபவுஸ்தீனா கோவால்ஸ்கா (ஆகஸ்ட் 25, 1905 – அக்டோபர் 5, 1938) போலந்து நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவியும் ஆன்மிக எழுத்தாளரும் ஆவார். இயேசு தமக்குப் பலமுறை தோன்றி, கடவுளின் இரக்கத்தை உலகிற்கு அறிவிக்குமாறு பணித்ததாக இவர் தமது நாட்குறிப்பில் எழுதியுள்ளார். இறை இரக்கப் படம், இறை இரக்க செபமாலை, இறை இரக்க ஞாயிறு ஆகிய பக்திமுயற்சிகள் இவருடைய எழுத்துகளோடு தொடர்புடையவை. 1959-ஆம் ஆண்டு இவர் முன்வைத்த வடிவிலான பக்திமுயற்சியைப் பரப்புவதற்கு வத்திக்கான் தடை விதித்தது. 1978-இல் அத்தடை நீக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். தனிப்பட்ட வெளிப்பாடுகளையும், செபங்களோடு இணைக்கப்படும் வாக்குறுதிகளையும் கத்தோலிக்கத் திருச்சபை எவ்வாறு ஆய்ந்து மதிப்பிடுகிறது என்பதற்கு இவருடைய வரலாறு முக்கியமான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பிறப்பும் இளமையும்

ஃபவுஸ்தீனாவின் இயற்பெயர் ஹெலேனா கோவால்ஸ்கா. இவர் வூட்ச் நகருக்கு வடமேற்கே உள்ள குவோகோவியெட்ஸ் என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் அப்பகுதி உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தை ஸ்தனிஸ்லாவ் உழவுத் தொழிலோடு தச்சு வேலையும் செய்துவந்தார். தாய் மரியன்னா. இவர்களின் பத்துப் பிள்ளைகளுள் ஹெலேனா மூன்றாமவர். ஸ்வினிட்ஸே வார்ட்ஸ்கியே என்னும் ஊரிலுள்ள பங்குக் கோவிலில் இவர் திருமுழுக்குப் பெற்றார்.

குடும்ப வறுமை காரணமாக ஹெலேனா மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகவே பள்ளியில் பயின்றார். ஏறத்தாழ பதினாறு வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, அலெக்சாண்ட்ரூவ், வூட்ச் ஆகிய இடங்களில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தார். துறவற வாழ்வை மேற்கொள்ள விரும்புவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தபோது அவர்கள் இசையவில்லை. துறவற இல்லத்தில் சேர வேண்டுமானால் அக்கால வழக்கப்படி சிறிதளவு பொருள் கொண்டு செல்லவேண்டியிருந்தது. அதற்கும் குடும்பத்தில் வழியில்லை.

1924-ஆம் ஆண்டு வூட்ச் நகரில் நடந்த ஒரு நடன நிகழ்ச்சியின்போது, துன்புறும் இயேசுவைக் காட்சியில் கண்டதாகவும், அவர் தம்மை இனியும் காத்திருக்கச் செய்வது ஏன் என்று கேட்டதாகவும் இவர் பின்னாளில் எழுதினார். உடனே நகரின் பேராலயத்துக்குச் சென்று செபித்த ஹெலேனா, பெற்றோரின் இசைவைப் பெறாமலேயே தொடர்வண்டி ஏறி வார்சா நகரை அடைந்தார். அங்கு அவருக்கு அறிமுகமானவர்கள் எவருமில்லை.

துறவற வாழ்வு

வார்சாவில் பல துறவற இல்லங்களின் கதவைத் தட்டியும் ஹெலேனாவுக்கு இடம் கிடைக்கவில்லை. இறுதியில் இரக்கத்தின் அன்னை சகோதரிகள் சபையினர், சிறிது காலம் வேலை செய்து தேவையான பணத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தால் ஏற்றுக்கொள்வதாகக் கூறினர். ஏறத்தாழ ஓர் ஆண்டு வீட்டு வேலை செய்து பணம் சேர்த்தபின், 1925 ஆகஸ்ட் 1 அன்று அவர் அச்சபையில் சேர்ந்தார். ஆதரவற்ற, வாழ்வில் இடறிய இளம்பெண்களுக்கு மறுவாழ்வு அளிப்பது அச்சபையின் பணியாக இருந்தது.

1926 ஏப்ரல் 30 அன்று கிராக்கோவ் நகரின் வாகியெவ்னிகி பகுதியிலுள்ள இல்லத்தில் இவர் துறவற உடை பெற்று, மரிய ஃபவுஸ்தீனா என்னும் பெயரை ஏற்றார். 1928-இல் முதல் வார்த்தைப்பாடும், 1933 மே 1 அன்று இறுதி வார்த்தைப்பாடும் அளித்தார். அச்சபையின் சகோதரிகள் அக்காலத்தில் இரு பிரிவினராக இருந்தனர். கல்வி கற்றவர்கள் பயிற்றுவிக்கும் பணியைச் செய்தனர். மற்றவர்கள் வீட்டு வேலைகளைக் கவனித்தனர். ஃபவுஸ்தீனா இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவர். வார்சா, புவோத்ஸ்க், வில்னியுஸ், கிராக்கோவ் ஆகிய நகரங்களின் இல்லங்களில் சமையல், தோட்ட வேலை, வாயில் காப்பு ஆகிய பணிகளில் அவருடைய வாழ்நாள் கழிந்தது. அவர் காட்சிகள் கண்டதாகக் கூறிய செய்தி, உடன் வாழ்ந்த சகோதரிகள் பலருக்கு அவர் இறக்கும்வரை தெரியாது.

புவோத்ஸ்க் காட்சி

1931 பெப்ரவரி 22 அன்று இரவு, புவோத்ஸ்க் நகர இல்லத்தில் தம் அறையில் இருந்தபோது வெண்ணிற ஆடை அணிந்த இயேசுவைக் கண்டதாக ஃபவுஸ்தீனா எழுதியுள்ளார். நாட்குறிப்பின்படி, இயேசுவின் ஒரு கை ஆசி வழங்கும் நிலையில் உயர்ந்திருந்தது. மறு கை நெஞ்சருகே ஆடையைத் தொட்டிருந்தது. அங்கிருந்து சிவப்பும் வெண்மையுமான இரு ஒளிக்கதிர்கள் வெளிப்பட்டன. கண்டவாறே ஒரு படம் வரையப்பட வேண்டும் என்றும், இயேசுவின்மீது நம்பிக்கை கொள்வதாக அறிக்கையிடும் சொற்கள் அதன்கீழ் எழுதப்பட வேண்டும் என்றும், பாஸ்கா விழாவுக்கு அடுத்த ஞாயிறு இரக்கத்தின் விழாவாகக் கொண்டாடப்பட வேண்டும் என்றும் அவர் பணிக்கப்பட்டாராம்.

ஃபவுஸ்தீனாவுக்கு ஓவியம் வரையத் தெரியாது. அவர் ஒப்புரவு அருட்சாதனத்தின்போது இதைத் தெரிவித்தபோது, அந்தப் படம் அவருடைய உள்ளத்திலேயே வரையப்பட வேண்டும் என்ற பொருளில் குரு விளக்கம் தந்தார். இல்லத் தலைவியோ, காட்சியின் உண்மையை உறுதிப்படுத்தும் அடையாளம் ஏதேனும் வேண்டும் என்றார். இக்காலத்தில் ஃபவுஸ்தீனா தாம் ஏமாற்றத்துக்கு உள்ளாகியிருக்கலாமோ என்று அஞ்சினார். இப்பொறுப்பிலிருந்து விடுபடவும் முயன்றார். தேர்ந்த ஆன்ம வழிகாட்டி ஒருவர் தமக்குத் தேவை என்பதை அவர் தொடர்ந்து வலியுறுத்தி வந்தார்.

மிக்கேல் சொபோச்கோவின் வழிகாட்டல்

1933 மே மாத இறுதியில் ஃபவுஸ்தீனா வில்னியுஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். இன்று லித்துவேனியாவின் தலைநகரான அந்நகரம் அப்போது போலந்து நாட்டில் இருந்தது. அங்கு சகோதரிகளுக்கு ஒப்புரவு வழங்கிவந்த அருட்பணியாளர் மிக்கேல் சொபோச்கோ, ஸ்தேஃபான் பாத்தோரி பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராக இருந்தவர்.

சொபோச்கோ ஃபவுஸ்தீனாவின் கூற்றுகளை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இல்லத் தலைவியிடம் அவரைப் பற்றி விசாரித்தார். மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு அவரைப் பரிசோதிக்கச் செய்தார். ஃபவுஸ்தீனா நல்ல மனநலத்துடன் இருப்பதாக மருத்துவர் உறுதிப்படுத்தினார். ஒப்புரவு இருக்கையில் நீண்ட நேரம் பேசுவது இயலாது என்பதால், தம் அனுபவங்களைக் குறிப்பேட்டில் எழுதிவருமாறு சொபோச்கோ அவரைப் பணித்தார். பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட நாட்குறிப்பு இவ்வாறே தோன்றியது.

1934-இல் சொபோச்கோ திருநாட்டுப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, ஃபவுஸ்தீனா அதுவரை எழுதியவற்றை எரித்துவிட்டார். வானதூதர் எனத் தோன்றிய ஒருவரின் தூண்டுதலால் அவ்வாறு செய்ததாக அவர் பின்னர் தெரிவித்தார். அழிந்தவற்றை மீண்டும் எழுதுமாறு சொபோச்கோ கட்டளையிட்டார். அதனால் பழைய நிகழ்ச்சிகளும் புதியவையும் நாட்குறிப்பில் கலந்து காணப்படுகின்றன. நிகழ்ச்சிகளின் கால வரிசையைத் தீர்மானிப்பது ஆய்வாளர்களுக்குக் கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நாட்குறிப்பு ஆறு குறிப்பேடுகளாக எஞ்சியுள்ளது. குறைந்த பள்ளிக் கல்வியே பெற்றிருந்த ஃபவுஸ்தீனாவின் கையெழுத்துப் படியில் எழுத்துப் பிழைகளும் நிறுத்தக்குறி இல்லாத தொடர்களும் மிகுதி. இது பின்னாளில் பெரும் சிக்கலுக்கு வழிவகுத்தது.

முதல் படம்

சொபோச்கோவின் வேண்டுகோளின்படி, எவ்கேனியுஸ் காசிமிரோவ்ஸ்கி என்னும் ஓவியர் 1934-இல் முதல் இறை இரக்கப் படத்தை வரைந்தார். ஃபவுஸ்தீனா ஓவியரின் அறைக்கு அவ்வப்போது சென்று திருத்தங்களைக் கூறினார். படம் நிறைவுற்றபோது, தாம் கண்டதன் அழகை எந்த ஓவியராலும் கொணர இயலாது என்று வருந்தி அழுததாகவும், படத்தின் பெருமை வண்ணத்திலோ தூரிகையிலோ இல்லை, இறையருளிலேயே உள்ளது என்னும் பதிலைப் பெற்றதாகவும் அவர் எழுதியுள்ளார்.

இப்படம் 1935 ஏப்ரல் 26 முதல் 28 வரை, வில்னியுஸ் நகரின் புகழ்பெற்ற வைகறை வாயில் திருத்தலத்தில் முதன்முறையாகப் பொதுமக்கள் வணக்கத்துக்கு வைக்கப்பட்டது. 28-ஆம் நாள் பாஸ்கா விழாவுக்கு அடுத்த ஞாயிறாக அமைந்தது. சோவியத் ஆட்சிக் காலத்தில் இப்படம் பல இடங்களில் பாதுகாக்கப்பட்டது. 2005 முதல் வில்னியுஸ் இறை இரக்கத் திருத்தலத்தில் உள்ளது. உலகெங்கும் பரவலாகக் காணப்படுவது இப்படமன்று. ஃபவுஸ்தீனா இறந்தபின் அடோல்ஃப் ஹிவா என்பவர் வாகியெவ்னிகி சிற்றாலயத்துக்காக 1943, 1944-ஆம் ஆண்டுகளில் வரைந்த படங்களின் வடிவமே பெரிதும் பரவியுள்ளது.

செபமாலையும் வாக்குறுதிகளும்

1935 செப்டம்பர் 13, 14 ஆகிய நாள்களில், கடவுளின் தண்டனையைத் தணிக்கும் மன்றாட்டு ஒன்று தமக்குக் கற்பிக்கப்பட்டதாக ஃபவுஸ்தீனா எழுதியுள்ளார். வழக்கமான செபமாலை மணிகளைப் பயன்படுத்தியே சொல்லப்படும் இது இறை இரக்க செபமாலை எனப்படுகிறது. இயேசுவின் பாடுகளை முன்னிட்டுத் தங்கள்மேலும் உலகின்மேலும் இரக்கம் வேண்டுவது இதன் கருத்தாகும்.

ஃபவுஸ்தீனாவின் நாட்குறிப்பில் மூன்று முக்கிய வாக்குறுதிகள் இடம்பெறுகின்றன.

முதலாவது, இரக்கத்தின் படத்தை வணங்கும் ஆன்மா அழிவுறாது என்பது.

இரண்டாவது, செபமாலையைச் சொல்பவர்கள் இறக்கும் வேளையில் பெரும் இரக்கத்தைப் பெறுவர் என்பது. மிகக் கடினமான பாவியும் இதனை ஒருமுறை சொன்னால் இரக்கத்தின் அருளைப் பெறுவார் என்றும், இறக்கும் தறுவாயில் இருப்பவர் அருகே பிறர் சொன்னாலும் இது பயன் தரும் என்றும் நாட்குறிப்பு கூறுகிறது.

மூன்றாவது, இரக்கத்தின் விழாவன்று ஒப்புரவு செய்து நற்கருணை பெறுபவருக்குப் பாவங்களும் அவற்றுக்குரிய தண்டனையும் முழுமையாக மன்னிக்கப்படும் என்பது.

இவ்வாக்குறுதிகளைத் தனித்தனியே பிரித்துப் படித்தால், ஒரு படமோ ஒரு செபமோ மீட்புக்கு உறுதிச்சீட்டாக அமைகிறது என்று தோன்றக்கூடும். ஆனால் நாட்குறிப்பு முழுவதிலும் கடவுள்மீது நம்பிக்கை, பிறருக்கு இரக்கச் செயல் புரிதல் ஆகிய இரண்டும் இன்றியமையாத நிபந்தனைகளாக வலியுறுத்தப்படுகின்றன. செயல், சொல், செபம் என்னும் மூன்று வழிகளில் அயலாருக்கு இரக்கம் காட்டவேண்டும் என்றும், இரக்கச் செயல் இல்லாத பக்தி பயனற்றது என்றும் ஃபவுஸ்தீனா எழுதியுள்ளார். ஒரு பாவிக்கு வாக்களிக்கப்படும் அருள் மனமாற்றத்துக்கான அருளே. மனம் மாறாமலேயே மீட்படையும் உரிமையாக அதைக் கொள்ளலாகாது என்பது இறையியலாரின் விளக்கம்.

இறுதிக் காலமும் இறப்பும்

1936 மார்ச்சில் ஃபவுஸ்தீனா வில்னியுஸ் நகரைவிட்டு நீங்கினார். மே மாதம் கிராக்கோவ் வந்துசேர்ந்தார். அங்கு இயேசு சபைக் குரு யோசேஃப் ஆந்த்ராஷ் அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். இரக்கத்தைப் போற்றும் புதிய துறவற சபை ஒன்றைத் தோற்றுவிக்கத் தாம் அழைக்கப்படுவதாக ஃபவுஸ்தீனா எண்ணினார். வில்னியுஸ் பேராயரும் அவருடைய ஆன்ம வழிகாட்டிகளும் அவசரப்படாமல் காத்திருக்குமாறு கூறினர். அவர் அதற்குப் பணிந்து, இறக்கும்வரை தம் சபையிலேயே வாழ்ந்தார். அவர் கேட்டதாகக் கூறிய குரலுக்கும் தலைவர்களின் கட்டளைக்கும் முரண்பாடு தோன்றியபோதெல்லாம் கட்டளைக்கே கீழ்ப்படிந்ததை நாட்குறிப்பில் காணலாம்.

காசநோய் அவருடைய நுரையீரலையும் செரிமான உறுப்புகளையும் தாக்கியது. கிராக்கோவ் நகரின் பிராத்னிக் மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றார். 1938 அக்டோபர் 5 அன்று வாகியெவ்னிகி இல்லத்தில் தமது 33-ஆம் வயதில் இறந்தார். இல்லத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1966-இல் அவருடைய எஞ்சிய உடல் இல்லத்தின் சிற்றாலயத்துக்கு மாற்றப்பட்டது.

போர்க்காலப் பரவல்

ஃபவுஸ்தீனா இறந்து ஓராண்டுக்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. நாசி செருமனியும் சோவியத் ஒன்றியமும் போலந்தைக் கைப்பற்றின. உயிருக்கும் உடைமைக்கும் உறுதியில்லாத அக்காலத்தில், இறை இரக்கப் படமும் செபமாலையும் போலந்து மக்களிடையே விரைவாகப் பரவின. இடம்பெயர்ந்த போலந்து நாட்டவர் இவற்றைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். மரியன் சபைக் குரு ஒருவர் சொபோச்கோ தந்த எழுத்துகளுடன் 1941-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளை அடைந்து, அங்கு இப்பக்தியைப் பரப்பத் தொடங்கினார். கிராக்கோவ் நகரில் சொல்வே வேதித் தொழிற்சாலையில் தொழிலாளியாக இருந்த கரோல் வொய்தீவா என்னும் இளைஞர், அருகிலிருந்த வாகியெவ்னிகி சிற்றாலயத்துக்குச் செல்வதுண்டு. பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனவர் இவரே.

1959-ஆம் ஆண்டுத் தடை

பக்தி பரவிய வேகத்துக்கு ஏற்ப அதன் மூல ஆவணங்கள் ஆய்வுக்குக் கிடைக்கவில்லை. போருக்குப்பின் போலந்து பொதுவுடைமை ஆட்சியின்கீழ் வந்ததால் உரோமையுடன் தொடர்பு கடினமாக இருந்தது. நாட்குறிப்பின் தட்டச்சுப் படி கவனக்குறைவாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து செய்யப்பட்ட மொழிபெயர்ப்புகளிலும் பிழைகள் மலிந்திருந்தன. ஃபவுஸ்தீனா தம் சொற்களாக எழுதியவை எவை, இயேசு கூறியதாக எழுதியவை எவை என்று அவற்றில் பிரித்தறிவது எளிதாக இல்லை.

இந்நிலையில், 1959 மார்ச் 6 அன்று வத்திக்கானின் திரு அலுவலகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஃபவுஸ்தீனா முன்வைத்த வடிவங்களில் இறை இரக்கப் பக்தியைப் பரப்பும் படங்களும் எழுத்துகளும் தடைசெய்யப்பட்டன. ஏற்கெனவே கோவில்களில் வைக்கப்பட்டிருந்த படங்களை அகற்றுவது ஆயர்களின் விவேகத்துக்கு விடப்பட்டது. சொபோச்கோவுக்குக் கடுமையான எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கடவுளின் இரக்கம் பற்றிய கோட்பாட்டை இத்தடை மறுக்கவில்லை. குறிப்பிட்ட காட்சிகளைச் சார்ந்த வடிவங்களையே அது கட்டுப்படுத்தியது. வாகியெவ்னிகி சிற்றாலயத்தில் இருந்த படம் அகற்றப்படாமல் நீடித்தது. பிற பல கோவில்களில் படங்கள் எடுக்கப்பட்டன.

இரக்கத்தின் பக்தி முற்றிலும் அழிந்துபோனதாகத் தோன்றும் காலம் ஒன்று வரும் என்று ஃபவுஸ்தீனா நாட்குறிப்பில் முன்னரே எழுதியிருந்ததாகப் பக்தர்கள் சுட்டிக்காட்டுவர். சொபோச்கோ தடைக்குப் பணிந்தார். தனிப்பட்ட வெளிப்பாட்டைச் சாராமல், திருவிவிலியம், திருவழிபாடு ஆகியவற்றின் அடிப்படையில் இரக்கத்தின் இறையியலைத் தொடர்ந்து எழுதினார். தடை நீங்குவதைக் காணாமலேயே 1975 பெப்ரவரி 15 அன்று இறந்தார். 2008-இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

மறு ஆய்வும் தடை நீக்கமும்

1965-இல் கிராக்கோவ் பேராயராக இருந்த வொய்தீவா, ஃபவுஸ்தீனாவின் வாழ்வு பற்றிய விசாரணையைத் தொடங்கச் செய்தார். அவரை அறிந்தவர்களின் சாட்சியங்கள் அவர்கள் உயிரோடிருக்கும்போதே பதிவுசெய்யப்பட்டன. 1967-இல் விசாரணை நிறைவடைந்தது. நாட்குறிப்பின் இறையியலை ஆராயும் பொறுப்பு இக்னாசி ருஷிட்ஸ்கி என்னும் இறையியல் அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொடக்கத்தில் இவ்வெளிப்பாடுகளை ஐயத்துடன் நோக்கிய அவர், மூலப் படியை ஆராய்ந்தபின் அதில் திருச்சபையின் போதனைக்கு மாறான எதுவும் இல்லை என்னும் முடிவுக்கு வந்தார். நம்பிக்கையே இப்பக்தியின் சாரம் என்றும், அது இல்லாமல் வாக்குறுதிகளுக்குப் பொருளில்லை என்றும் அவர் விளக்கினார்.

1978 ஏப்ரல் 15 அன்று, திரு அலுவலகத்துக்குப் பின்வந்த நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம், 1959-இல் அறியப்படாதிருந்த மூல ஆவணங்களையும், மாறிய சூழலையும், போலந்து ஆயர்களின் கருத்தையும் கருத்திற்கொண்டு, முந்தைய தடைகள் இனிக் கட்டுப்படுத்தா என அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று வொய்தீவா திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தடை நீக்கம் அவர் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு ஆறு மாதங்கள் முன்னரே, திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. நாட்குறிப்பின் ஆய்வுப் பதிப்பு போலந்து மொழியில் 1981-இல் வெளிவந்தது.

புனிதர் பட்டம்

1981-இல் ஃபவுஸ்தீனாவின் கல்லறையில் செபித்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் நெடுநாள் நோயிலிருந்து குணமடைந்தது புதுமையாக ஏற்கப்பட்டது. 1993 ஏப்ரல் 18 அன்று ஃபவுஸ்தீனாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 1995-இல் அமெரிக்கக் குரு ஒருவரின் இதய நோய் நீங்கியது இரண்டாவது புதுமையாக ஏற்கப்பட்டதைத் தொடர்ந்து, 2000 ஏப்ரல் 30 அன்று புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அன்றே, பாஸ்கா காலத்தின் இரண்டாம் ஞாயிறு இனி இறை இரக்க ஞாயிறு எனவும் அழைக்கப்படும் எனத் திருத்தந்தை அறிவித்தார். 2002 ஆகஸ்ட் 17 அன்று வாகியெவ்னிகியில் எழுப்பப்பட்ட பெரிய ஆலயத்தை அவர் நேர்ந்தளித்தார். 2005 ஏப்ரல் 2 அன்று, இறை இரக்க ஞாயிறின் முந்தைய மாலையில் அவர் இறந்தார். 2020-இல் திருத்தந்தை பிரான்சிசு, ஃபவுஸ்தீனாவின் விருப்ப நினைவை அக்டோபர் 5-ஆம் நாளுக்குரியதாகப் பொது உரோமை நாள்காட்டியில் சேர்த்தார்.

தனிப்பட்ட வெளிப்பாடு பற்றிய திருச்சபையின் போதனை

கத்தோலிக்கப் போதனையின்படி, கடவுளின் பொது வெளிப்பாடு இயேசு கிறிஸ்துவிலும் திருத்தூதர்களின் காலத்திலும் நிறைவுற்றது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதனை மீண்டும் எடுத்துரைத்தது. அதன்பின் தனிமனிதருக்குக் கிடைப்பதாகக் கூறப்படும் காட்சிகளும் செய்திகளும் தனிப்பட்ட வெளிப்பாடுகள் எனப்படுகின்றன. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின்படி, இவை நம்பிக்கைக் கருவூலத்தைச் சேர்ந்தவையல்ல. கிறிஸ்துவின் வெளிப்பாட்டை மேம்படுத்துவதோ நிறைவுசெய்வதோ இவற்றின் வேலையன்று. ஒரு குறிப்பிட்ட காலத்தில் அதை முழுமையாக வாழ உதவுவதே இவற்றின் பயன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர், தாம் திருத்தந்தை ஆவதற்குமுன் எழுதிய நூலில், அங்கீகரிக்கப்பட்ட தனிப்பட்ட வெளிப்பாடுகளுக்கு இறைநம்பிக்கைக்குரிய ஒப்புதலை அளிக்க வேண்டியதில்லை என்றும், விவேகத்தின் அடிப்படையிலான மனித நம்பிக்கையே போதுமானது என்றும் விளக்கினார். 2000-ஆம் ஆண்டு பாத்திமா செய்தி பற்றி கர்தினால் யோசேஃப் ராட்சிங்கர் எழுதிய விளக்கவுரை, திருச்சபையின் அங்கீகாரத்தில் மூன்று கூறுகளைக் குறிப்பிடுகிறது. அச்செய்தியில் நம்பிக்கைக்கோ ஒழுக்கத்துக்கோ மாறானது எதுவும் இல்லை. அதை வெளியிடுவது முறையானது. இறைமக்கள் அதனை விவேகத்துடன் ஏற்கலாம். ஏற்றேயாக வேண்டும் என்னும் கட்டாயம் இதில் இல்லை. எனவே ஃபவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது அவருடைய தூய வாழ்வுக்கான சான்றாகும். அதனால் நாட்குறிப்பின் ஒவ்வொரு வரியும் நம்பிக்கைக் கோட்பாடு ஆகிவிடுவதில்லை. இறை இரக்க செபமாலையைச் சொல்லாத கத்தோலிக்கர் எக்கடமையிலிருந்தும் தவறியவராகார்.

வாக்குறுதியும் பலனும்

ஃபவுஸ்தீனா கூறிய வாக்குறுதிக்கும் திருச்சபை வழங்கும் பரிபூரணப் பலனுக்கும் வேறுபாடு உண்டு. முன்னது தனிப்பட்ட வெளிப்பாட்டில் இடம்பெறுவது. பின்னது திருச்சபை தனது அதிகாரத்தால் அளிப்பது. 2002 ஜூன் 29 அன்று வெளியிடப்பட்ட ஆணை ஒன்றின்வழி, இறை இரக்க ஞாயிறன்று பக்திமுயற்சிகளில் பங்கேற்போருக்குப் பரிபூரணப் பலன் வழங்கப்பட்டது. அதைப் பெற ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்களுக்காகச் செபித்தல், சிறு பாவத்தின்மீதும் பற்றின்மை ஆகியவை நிபந்தனைகளாகும். அதுபோலவே, 2000-இல் ஞாயிறின் பெயர் மாறியபோது, அந்நாளுக்குரிய திருவழிபாட்டு மன்றாட்டுகளும் வாசகங்களும் மாற்றப்படவில்லை. அவை முன்பு இருந்தவாறே நீடித்தன.

செபங்களோடு இணைக்கப்படும் வாக்குறுதிகளைப் பற்றித் திருச்சபை முன்னரும் எச்சரித்துள்ளது. உள்ளார்ந்த மனநிலை இல்லாமல், செபத்தையோ அருளடையாளத்தையோ வெறும் புறச்செயலாகச் செய்வதனாலேயே பலன் கிட்டும் என நம்புவது மூடநம்பிக்கையில் வீழ்வதாகும் என மறைக்கல்வி நூல் கூறுகிறது. இயேசுவின் திரு இருதயப் பக்தியோடு தொடர்புடைய ஒன்பது முதல் வெள்ளிக்கிழமைகளின் வாக்குறுதி பற்றியும், 2001-ஆம் ஆண்டு வெளியான பொதுமக்கள் பக்திமுயற்சிகள் குறித்த வத்திக்கான் கையேடு இத்தகைய வீண் நம்பிக்கைக்கு இடம்தரக் கூடாது என நினைவூட்டுகிறது. எத்தனை முறை சொல்லவேண்டும், எத்தனை பேருக்கு அனுப்பவேண்டும், தவறினால் என்ன தீமை நேரும் என்றெல்லாம் கூறும் செப அட்டைகள் இந்த எச்சரிக்கைக்கு உட்பட்டவையே.

2024 மே 17 அன்று நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறை, இயல்புகடந்தவையாகக் கருதப்படும் நிகழ்வுகளை ஆய்வதற்குப் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. இதன்படி, ஒரு நிகழ்வு இயல்புகடந்தது என ஆயர் உறுதியாக அறிவிப்பது வழக்கமாக எதிர்பார்க்கப்படுவதில்லை. அதைச் சுற்றியுள்ள பக்திமுயற்சியைத் தொடரத் தடையில்லை என்பதே பொதுவாக அளிக்கப்படும் உயர்ந்த தீர்ப்பாகும்.

மதிப்பீடு

இருபதாம் நூற்றாண்டில் போலந்து மொழியில் எழுதப்பட்ட ஆன்மிக நூல்களுள் பரவலாக மொழிபெயர்க்கப்பட்டவற்றுள் ஃபவுஸ்தீனாவின் நாட்குறிப்பும் ஒன்று. இறை இரக்கப் படம் உலகெங்கும் கத்தோலிக்கக் கோவில்களில் காணப்படுகிறது. இப்பக்தி பாஸ்கா காலத்தின் மையக் கருத்திலிருந்து கவனத்தைத் திருப்பிவிடக்கூடும் என்று திருவழிபாட்டு அறிஞர் சிலர் கருத்துத் தெரிவித்துள்ளனர். கடவுளின் இரக்கமே பாஸ்கா மறைபொருளின் பொருள் என்று இப்பக்தியை ஆதரிப்போர் விடையளிப்பர்.

ஃபவுஸ்தீனாவின் செய்தி, அவர் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே தடையிலிருந்து விடுபட்டது. அவரும் அவருடைய வழிகாட்டியும் திருச்சபையின் தீர்ப்புக்குக் காத்திருந்தது, அவர்களுடைய நேர்மைக்குச் சான்றாக விசாரணைகளில் கருதப்பட்டது.